இறங்கிய கோடு

பச்சைக் கோடு இன்னும் ஒரு விரற்கடை ஏறினால் அம்மாவின் உயிருக்கு உத்தரவாதமில்லை. நிரோஜா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அந்தச் சனியன் ஏறிவிடும் என்று பயம்.

"பிள்ளை, ஒருக்கா வீட்டை போயிட்டு ஓடி வரட்டே? பசு கட்டையில நிக்குது, அவிட்டு விட மறந்துபோனன்."

யன்னலுக்கு வெளியே உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றது அந்த அம்மாவேதான். இராசமலருக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, ஆள் கல்லுக்குண்டு. ஏறிக்கொண்டிருந்தது குளத்துத் தண்ணீர்.

குளக்கட்டில் ஒரு மிதவை. அங்கிருந்து வயல்வெளி தாண்டி நீர்ப்பாசனக் கந்தோர்க் கொம்பியூட்டருக்கு ஒரு வயர். தண்ணீர் நிற்கிற உயரத்தை நொடிக்கொரு புள்ளியாக வலது பக்கத்தில் குத்தி, பழைய புள்ளிகளை இடது பக்கம் தள்ளிக்கொண்டு போகிற புரோகிராம் நிரோஜா எழுதியது. மேலே ஒரு சிவப்புக் கோடும் போட்டிருந்தாள். கட்டு தாங்குவது அதுவரைக்கும்தான்.

முந்தாநாள் பிடித்த மழை விட்டபாடில்லை. மிஞ்சின தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவைத் திறந்தால் ஊர் தப்பும். இல்லாவிட்டால் குளக்கட்டை உடைத்துக்கொண்டுதான் தண்ணீர் போகும். கந்தோர் வேலையாட்கள் ஐயாத்துரையும் சங்கிலியும் கதவைத் திறக்க அலவாங்குக் கம்பியோடு போய்க் கனநேரம்.

கட்டுக்குக் கீழே இருக்கிற சனம் முழுக்க, கந்தோர் முற்றத்தில் நின்ற உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் நனைந்துகொண்டிருந்தது.

"என்ன நிரோஜா, உன்ர கொம்பியூட்டர் என்னவாம்?" மெசின்காரன் யோகநாதன் கத்தினான். "குஞ்சு குருமான் எல்லாம் விறைக்குதுகள். இருக்கிற எண்ணெயில ஒரு ஓட்டந்தான் ஓடலாம். தப்பி வட்டக்கச்சிக்கோ, திரும்பி வீட்டையோ? ஒண்டைச் சொல்லு!"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, உங்கட காலில விழுறன்!"

கோடு சிவப்பைத் தொட்டது. நிரோஜா கையெடுத்துக் கும்பிட்டாள். 'அம்மாளாச்சி, அந்தக் கதவைத் திறக்கப் பண்ணு தாயே' என்று வாய்விட்டே அழுதாள்.

கோடு நின்றது. பிறகு, கடவுளே, இறங்கத் தொடங்கியது!

அவள் நம்பவில்லை. வயரை இழுத்துப் பார்த்தாள், புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். அப்போதும் இறங்கியது, அதுவும் கிடுகிடென்று. இவ்வளவு கெதியாகவா என்று ஒரு கணம் யோசித்தாள். கதவை முழுசாகத் தூக்கியிருப்பார்கள் என்று பதிலையும் தானே சொல்லிக்கொண்டாள்.

"இறங்குது! திறந்திட்டினம்! தண்ணி இறங்குது!" மழைக்குள் ஓடி வந்து கத்தினாள்.

பெட்டியில் இருந்த சனம் கைதட்டி ஆரவாரித்தது. யாரோ அரோகரா போட்டார்கள். இராசமலர் மட்டும் மகளின் கையைப் பிடித்தாள்.

"வடிவாப் பாத்தனியே பிள்ளை?"

"என்ர கோடு பொய் சொல்லாதம்மா. இனிப் பயமில்லை. ஏறிப்போய் உங்கட பசுவைப் பாருங்கோ."

மெசின் குளத்துப் பக்கம் திரும்பியது. பெட்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அம்மா கை காட்டினாள். நிரோஜா உள்ளே வந்து கதிரையில் விழுந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடியச் சிரிப்பு வந்தது. மழை இரைச்சலும் ஜெனரேட்டர் இரைச்சலும் காதை அடைத்தன. திரையில் கோடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் ஐயாத்துரை வந்து நின்றார். தலை தொடக்கம் கால்வரை சேறு, கையில் அலவாங்கு. பின்னால் சங்கிலி. நிரோஜா ஓடிப்போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் தெய்வம் அண்ணை! கதவைத் திறந்து எங்கட சனத்தைக் காப்பாத்திப்போட்டியள்! எல்லாரையும் இப்பத்தான் வீட்டை அனுப்பினனான்."

ஐயாத்துரை விளங்காமல் அவளைப் பார்த்தார்.

"எங்க பிள்ளை திறந்தது? பாதையெல்லாம் வெள்ளம், கதவடிக்குப் போகவே ஏலாமல் திரும்பி வாறம்."