டு-லெட் அட்டையும் பளிங்குக் கல்லும்

அந்தப் புறநகர் வீட்டுச் சுவரில் ஒரு பளிங்குக் கல் பதித்திருந்தார்கள். 'விஞ்ஞானி சபாநடேசன் வாழ்ந்த இல்லம்.' அதே வீட்டுக் கேட்டில் டு-லெட் அட்டை தொங்கியது.

"பெரிய மனுஷர் இருந்த வீடு. நீ இங்க ஆடிக்கிட்டு தொங்குறது அசிங்கமா இருக்கு" என்றது கல்.

அட்டைக்குச் சுருக்கென்று தைத்தது.

"அவன் வாடகைக்கு வீடு தேடி வந்தப்போ நீ எங்க இருந்தே? கல்யாணமாகாதவனுக்கு வீடு கிடையாதுன்னு நாலு தெருவுல விரட்டிட்டாங்க. ஒரு பாயும் ஸ்டவ்வுமா வந்து என்னைத்தான் படிச்சான்."

"அவன் இவன்னு பேசாதே" என்று கல் அதட்டியது.

அப்போது தோளில் தவிலோடு ஒரு பெண் கேட்டருகே வந்து நின்றாள். வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்தார்.

"முதல்லயே சொல்லிடுறேம்மா, தினமும் வாசிப்பேன். மூணு வீட்டுல அதனாலயே வேணாம்னுட்டாங்க."

அட்டை ஆடாமல் நின்றது.

அம்மாள் தவிலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மத்தியானம் நான் தூங்குறப்போ மட்டும் வாசிக்காதே" என்று சொல்லி அட்டையைக் கழற்றினார்.

அவர் கையில் உள்ளே போகும்போது அட்டை கல்லிடம் சொன்னது: "கொஞ்சம் தள்ளி உட்காரு. பக்கத்துல இன்னொரு கல்லுக்கு இடம் வேண்டியிருக்கும்."