ஆடாமல் உட்கார்ந்த ஓட்டோ

மறுபடியும் ஏறியிருந்தது! ஓட்டோவுக்கு ஐந்தே வயது. வீட்டில் தினமும் மூன்று வேளை அவனுக்குப் பிரஷர் அளந்து குறித்த நோட்டை அக்கா சைமி டாக்டரிடம் நீட்டினாள்.

"அளக்க அளக்க ஏறுதே! இப்படியே போனா ஹெல்சிங்கி பெரியாஸ்பத்திரியில அட்மிட் பண்ணணும்," என்றார் டாக்டர்.

"வீடே உப்பில்லாத சால்மன் சூப்தான் டாக்டர் குடிக்குது," அம்மா அழாத குறை.

"அளக்கறப்ப ஆடுவானா?"

"இந்த வாலு, அக்காகிட்ட மட்டும் சிலையா உட்காரும்."

"அக்கா சல்மியாக்கி தருவாளே! ஆடலைன்னா அஞ்சு!" ஓட்டோ கறுத்த நாக்கை நீட்டினான்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சைமியிடம் திரும்பினார். "அந்த அதிமதுர மிட்டாய்தாம்மா பிரஷரை ஏத்துது! இன்னியோட நிறுத்து. இன்னும் ஒரு வாரம் அளந்துட்டு வா."

சைமிக்குப் பாதி உயிர்தான் திரும்பியது.

"சரி டாக்டர்... மிட்டாய் இல்லாம இவனை எப்படி உட்கார வெக்கறது?"