ஒரே வாரிசு

தேஜ்கரணின் ஜீப்பில், முன் இருக்கையில், அவன் வாங்கிக் கொடுத்த புது முக்காட்டுத் துணியோடு வந்து இறங்கினாள் கியார்சி. தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் நின்ற கூட்டம் அவளையே பார்த்தது. தம்பியைக் கவிழ்க்க எதிராளியின் வண்டியிலேயே வந்துவிட்டாள் என்று ஊர் பேசும். பேசட்டும் என்றுதான் முகத்தை மூடாமல் இறங்கினாள்.

"நீங்க இட்டுக்கட்டி ஒண்ணும் சொல்ல வேணாம் அக்கா. போக்கர்ராம் என் கூடப் பொறந்த தம்பின்னு ஒரே வார்த்தை. மிச்சத்தை வக்கீல் பாத்துக்குவார்" என்றான் தேஜ்கரண்.

மெர்த்தா சாலையோரம் பெட்ரோல் பங்க் வைக்க எண்ணெய்க் கம்பெனி நடத்திய குலுக்கலில் போக்கர்ராமுக்கு முதலிடம், தேஜ்கரணுக்கு இரண்டாமிடம்; முதலாமவன் தகுதி இழந்தால் பங்க் இவனுக்கு. நிலம் முழுக்க விண்ணப்பித்தவனுடையதாக இருக்க வேண்டும், வேறு பங்குதாரர்கள் இருந்தால் அவர்கள் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. போக்கர்ராமின் அப்பா செத்ததும், அந்தப் பக்கத்து வழக்கப்படி, மகன் பெயரை மட்டும் பட்டாவில் ஏற்றியிருந்தார்கள். கட்டிக்கொடுத்த மகள் கியார்சியை யாரும் கணக்கிலேயே வைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் 'நான் ஒரே வாரிசு' என்று போக்கர்ராம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டான்.

தேஜ்கரண் ஹைகோர்ட் வரை போனான். வாரிசு யார் யார் என்று தாசில்தார் விசாரித்துச் சொல்லட்டும் என்றது கோர்ட். ஊரில் எவனும் வாய் திறக்கவில்லை. கியார்சிக்குப் பிறப்புச் சான்றிதழும் கிடையாது, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதும் கிடையாது. அவள் வாய் ஒன்றுதான் சாட்சி.

தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்க் கோடியில் போக்கர்ராம் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

புருஷன் செத்த பன்னிரண்டாம் நாள் வந்தவன்தான். பிறந்த வீட்டுக் கோடியைப் போட்டான். "வீட்டுல ஒரு மூலை குடுடா, வந்து இருந்துக்கறேன்" என்று கேட்டாள். அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு வரவே இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல், சாயங்காலமானால் மனிதக் குரல் கேட்பதற்காகவே ஆட்டை வைதுகொண்டிருக்கிறாள் கியார்சி.

பியூன் ஒரு டம்ளரை நீட்டினான். "மோரும்மா. குடுக்கச் சொன்னாங்க."

உப்பில்லாமல், வெல்லம் கரைத்த மோர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து அதுதான் பிடிக்கும். மாமியார் வீட்டில் அதற்காகவே அவளைக் கேலி செய்வார்கள். தேஜ்கரண் எப்படியோ விசாரித்து வைத்திருக்கிறான் போல. பகையாளிக்கு இருக்கிற கரிசனம் கூடப் பிறந்தவனுக்கு இல்லையே என்று நினைத்தபடியே குடித்து முடித்து, டம்ளரை பெஞ்சில் வைத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். தாசில்தார் முதலில் போக்கர்ராமைக் கேட்டார்.

"கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அவன் கையிலிருந்த காகிதக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"என்னய்யா, காது கேக்கலையா?"

"யாருமில்லைங்க. நான் ஒருத்தன்தான்" என்றான் போக்கர்ராம். "டிராக்டரை வித்து இதுல போட்டுட்டேங்க. இதுவும் போச்சுன்னா குடும்பத்தோட நடுத்தெருவுலதான் நிக்கணும்."

கியார்சி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அம்மா போன பிறகு இவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். பாதி நிலம் வரும், கடைசிக் காலத்தில் யார் கையையும் பார்க்க வேண்டாம்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் தாசில்தார். "இவர் உங்க தம்பியா?"

ஆமாம் என்றால் அவன் குடும்பம் தெருவுக்கு வரும், அவளைச் சாகும்வரை சபிக்கும். இல்லை என்றால் நாளைக்கு அவள் செத்தால் கோடி கொண்டுவரக்கூட ஆள் கிடையாது. எப்படிச் சொன்னாலும் அவள் அநாதைதான். ஒருவனாவது பிழைத்துப் போகட்டும் என்று தோன்றியது.

"இல்லைங்க ஐயா. இவர் யாருன்னே எனக்குத் தெரியாது."

தேஜ்கரண் துள்ளி எழுந்தான். "என்னக்கா இது! நேத்து என்ன சொன்னீங்க?"

"பயப்படாதீங்கம்மா" என்று வக்கீல் கெஞ்சினார். "நல்லா முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். ஜீப்புல வான்னு கூப்பிட்டாங்க, வந்தேன். அதுக்காகப் போற வர்றவனை எல்லாம் தம்பின்னு சொல்ல முடியுமா?"

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போக்கர்ராமே ஒரே வாரிசு என்று எழுதச் சொன்னார். கியார்சி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். பஸ் சாலையோடு நின்றுவிடும், அங்கிருந்து ஊருக்கு நான்கு மைல் நடக்க வேண்டும். இனி ஜீப்பில் எவன் ஏற்றுவான்?

"ரொம்ப லக்குய்யா உனக்கு" என்று தாசில்தார் காகிதத்தைப் போக்கர்ராம் பக்கம் தள்ளினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடு. பங்க் உன்னுது."

போக்கர்ராம் பேனாவை வாங்கினான். காகிதத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், தாழ்வார பெஞ்சில் அவள் குடித்துவிட்டு வைத்த மோர் டம்ளரைப் பார்த்தான். பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"ஐயா, அது பொய் சொல்லுது. அது எங்க அக்கா."