சாய்ந்த தையல்

இறந்துபோன மனைவி பாதி தைத்து வைத்திருந்த ஒட்டுத்துணிப் போர்வையைத் தனபால் கொண்டுவந்தபோது, "என் கைக்கு வராத தையலா? குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டாள் தையல்காரி ரூபவதி. ஆனால் அவள் போட்ட கைத்தையலெல்லாம் பழைய தையலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. மூன்று முறை பிரித்தாள். ஊசியிடம் தோற்பதாவது! நாலாம் முறை ஊசியை இடது கைக்கு மாற்றினாள். விரலெல்லாம் குத்துப்பட்டு, ஒரு மாதத்தில் அந்தக் கை பழகியது. கடைசியில் எது தன் தையல் என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

போர்வையை வாங்க வந்த தனபாலிடம், பழக்கத்தில் இடது கையாலேயே நீட்டிவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு கை மாற்றப் போனாள்.

"மாத்தாதம்மா," என்றார் அவர். "அந்தக் கையாலயே குடு."