அந்த ஒருவர்

பெயர் எழுத வேண்டாம், எல்லாம் ரகசியம் என்று சொல்லித்தான் அலுவலகத்தில் அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். தன் இடது காது கேட்காது என்பதை யாரிடமும் சொல்லாத எஸ்தர், அந்தப் பேச்சை நம்பி ‘செவித்திறன் குறைவு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். மறுவாரம் அறிவிப்புப் பலகையில் முடிவுகளை ஒட்டினார்கள். பெயர் எதுவும் இல்லை. ‘தபால் பிரிவு: எட்டுப் பேர். செவித்திறன் குறைந்தவர்: ஒருவர்.’

“யாருப்பா அந்த ஒருத்தர்?” என்றார் தலைமை எழுத்தர் துரைக்கண்ணு. அன்றிலிருந்து ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று மெல்லப் பெயர் சொல்லிப் பார்த்தார். விளையாட்டுக்குத்தான். திரும்பியவர்கள் சிரித்தார்கள்.

எஸ்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முத்திரை குத்தும்போது திரும்பினாள், தண்ணீர் குடிக்கும்போது திரும்பினாள், நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பினாள்.

“யாரக்கா தேடுறீங்க?” என்றாள் பக்கத்து மேசைக் கோமதி.

“யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.”

வெள்ளிக்கிழமை மதியம் அப்படித் திரும்பியபோது துரைக்கண்ணு பின்னால் நின்றிருந்தார். சிரிக்கவில்லை.

“நான் இன்னும் கூப்பிடவே இல்லையேம்மா,” என்றார்.

மற்ற மேசைகளில் முத்திரைச் சத்தம் நின்றுபோனது எஸ்தருக்குத் துல்லியமாகக் கேட்டது.