மீன்முள் சீப்பு

ஒரு பனையில் தூக்கணாங்குருவி ஒருவன் மச்சானோடு சேர்ந்து தன் மனைவிக்குக் கூடு கட்டினான். பின்னல் ஆளுக்கொரு விதம். ஒரே சீராக வரட்டும் என்று, காற்றில் ஆடி நாரைத் தானே வாரிவிடும் மீன்முள் சீப்பு மாட்ட முடிவானது.

“அகல முள்ளுதான் லட்சணம், மச்சான்.”

“உங்க கண்ணுக்கு! நெருக்க முள்ளுதான் நறுவிசு.”

விட்டுக்கொடுக்காமல் இரண்டையும் மாட்டினார்கள். ஒவ்வொரு காற்றுக்கும் அத்தனை நாரும் இடம் மாறியது. எது புதிதாகப் பின்னியது, எது அறுந்தது என்றே தெரியவில்லை.

அவள் முட்டையிட்டாள். அடியில் யாரும் பார்க்காத ஓட்டை. முட்டை கீழே விழுந்து உடைந்தது.

அவள் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த கூட்டுக்கு என் சீப்புதான்!” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.