அண்டர் செக்ரட்டரியின் கடைசிக் குளியல்

டெல்லி அண்டர் செக்ரட்டரி பட்டாபிராமன், பழவேற்காட்டில் தங்கிய பத்து நாளும் மீனவர்களை "டேய்" என்றுதான் கூப்பிட்டார். விமானம் ஏறவேண்டிய நாள் காலையில் முகத்துவாரத்தில் குளிக்க இறங்கினார்.

"இழுப்பு ஜாஸ்தி சார், வாணாம்," என்றான் படகுக்காரத் திருமலை.

"டேய், எனக்கே நீச்சல் சொல்லித் தர்றியா?"

அரை மணியில் திரும்பி வந்தார். பெட்டிகளைத் தாமே தூக்கினார். திருமலையைப் பார்த்து, "வரேங்க," என்று கும்பிட்டார்.

"கடல் காத்து ஒத்துக்கிச்சு," என்று பூரித்தாள் மனைவி குணசுந்தரி. டாக்சி கிளம்பியது.

மறுநாள் திருமலையின் வலையில் பட்டாபிராமனின் பிணம் ஏறியது. விரலில் பெயர் பொறித்த மோதிரம் இருந்தது.

"அப்போ அந்தம்மா யார்கூட போயிருக்குது?" என்று பதறி, தந்தி அடிக்க ஓடினான்.

டெல்லியிலிருந்து குணசுந்தரி பதில் அனுப்பியிருந்தாள்: "கணவர் நலம். பக்கத்தில்தான் இருக்கிறார். இவ்வளவு நல்லவராக இருந்ததே இல்லை."